ஒட்டியாணம் போட்ட ஆத்தா

போன வாரம் முழுக்க எனக்குக் கழுத்துப் பிடிப்பு. தைலம் தேய்த்துவிடுங்கள் என்றால், “பேப்பர் படிச்சுக் கழுத்து புடிச்ச ஒரே ஆளு நீதான்” என்று சிரிக்கிறார் எங்கள் வீட்டுக்காரர். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். வாராவாரம் இங்கே திட்டு வாங்கியும் திருந்தாத மனிதர்.

நான் படித்தது இன்றைய பேப்பர் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்துப் பேப்பர்கள். ஒரு நூலகத்தில் அதையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான்... ஆனால் பாதிப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, மீதிப் பக்கம் கோணலாக நிற்கிறது. பக்கம் சாய்ந்த பக்கமெல்லாம் நாமும் சாய வேண்டும். கழுத்து என்னத்துக்கு ஆகும்?

எதற்கு இந்த வேண்டாத வேலை என்கிறீர்களா? எல்லாம் என் அத்தை மகன் செந்திலால் வந்தது.

செந்தில் துபாயில் இருக்கிறான். ரூமில் கூட இருப்பவர்கள் எல்லாரும் அவரவர் தாத்தா பெருமையை அளந்து விட்டிருக்கிறார்கள். ஒருத்தர் தாத்தா மிராசுதார், இன்னொருத்தர் தாத்தா பயில்வான். இவன் சும்மா இருப்பானா? “எங்க தாத்தா பெரிய ராஜபார்ட்டு. நாடகத்துல ராஜா வேஷம் கட்டி நின்னா ஊரே திரண்டு வரும்” என்று எடுத்து விட்டிருக்கிறான். ஆதாரம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள் பாவிகள். உடனே எனக்குப் போன்.

“மதினி, நீங்கதான் எழுத்தாளராச்சே. தாத்தாவைப் பத்திப் பழைய பேப்பர்ல ஏதாவது வந்திருக்கும். தேடி எடுத்துக் குடுங்க. அம்மாவுக்கும் எம்பது வயசு வருது. ஒரு புஸ்தகமாப் போட்டுக் குடுத்தா சந்தோஷப்படும்ல?”

அவன் அம்மா, என் சிவகாமி அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. அப்பா போய்விட்டார், அந்தத் தலைமுறையில் எங்களுக்கு மிச்சம் இருப்பது அத்தை ஒருத்திதான். அத்தைக்காக என்று சொன்னால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? செந்திலுக்கு அது தெரியும். கெட்டிக்காரன்.

முதலில் வீட்டில் இருந்ததை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். தாத்தாவைப் பற்றிக் காகிதத்தில் இருப்பது கொஞ்சம்தான். பழைய மனைப் பத்திரம் ஒன்றில் ‘நாடகத் தொழில், செல்லையா’ என்று இருக்கிறது. அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பனார் தொழில் ‘ஜவுளிக்கடை சிப்பந்தி’. நாடகத்தில் இருந்த ஆள் எப்போது ஜவுளிக்கடைக்குப் போனார்? ஏன் போனார்?

இதற்குக் குடும்பத்தில் ஒரு பதில் ரெடியாக இருந்தது. சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த பதில். தாத்தாவுக்குக் குரல் போய்விட்டது. அழகம்மாள் ஆத்தா — என் அப்பாவைப் பெற்ற தாய் — அத்தையைப் பெற்றபோதே இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் தாத்தாவுக்குத் தொண்டை அடைத்து, குரல் உடைந்து, நாடகத்துக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. இதுதான் கதை.

இதே கதையை உறவுக்காரர்கள் அத்தையிடம் வேறு மாதிரி சொன்னார்கள். “பொறக்கும்போதே ஆத்தாளை முழுங்குனா, அப்பன் குரலையும் முழுங்கிட்டா.” விளையாட்டுக்குச் சொல்வார்கள், கோபத்துக்கும் சொல்வார்கள். அத்தையின் கல்யாணப் பந்தலில்கூட யாரோ சொன்னார்களாம். பச்சைப் பிள்ளை என்ன செய்யும்? அத்தை இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லாமல் இருந்ததில்லை, ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் எப்படியாவது இந்தப் பேச்சு வந்துவிடும்.

அத்தைக்கு ஒரே ஆறுதல், ஆத்தா படம். அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது.

தாத்தா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். அடியில், ஒரு பழைய வேட்டியில் சுற்றி, ஒரு போட்டோ. பட்டுச் சேலை கட்டிய இளம்பெண். நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய நகை, இடுப்பில் ஒட்டியாணம். பக்கத்தில் வட்ட மேஜை, அதில் பூ ஜாடி. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, எதையோ சொல்ல வாயெடுத்தவள் போல ஒரு பார்வை. பெண்டாட்டி செத்தும் வேறு கல்யாணம் கட்டாத மனுஷன், பெட்டிக்குள் இத்தனை பத்திரமாக ஒரு பெண் படத்தை வைத்திருந்தால் அது யாராக இருக்கும்? ஆத்தாவையும் தாத்தாவின் நாடகத்தையும் நேரில் பார்த்த பெரியவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள், மிச்சம் இருந்த யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அத்தையைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்கள், “உரிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு!” என்றார்கள்.

அன்றைக்கு அத்தை அந்தப் படத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தாள் முகத்தையே பார்க்காத பிள்ளைக்கு, பிள்ளை குட்டி பெற்ற பிறகு ஒரு முகம் கிடைத்தது. கண்ணாடி போட்டு அத்தை வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். வருஷா வருஷம் தை மாதப் படையலுக்கு அதன் முன்னால் ஒரு புதுச்சேலை வைப்போம். கும்பிட்டு முடித்ததும் வீட்டில் பிறந்த மகள் என்று அதை அத்தைக்குக் கொடுப்போம். “எங்க ஆத்தா எடுத்துக் குடுத்த சேலை” என்று அன்றைக்கே கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

அந்த ஒட்டியாணம் இருக்கிறதே... அதனால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைத் தனியாகவே எழுதலாம். அது அத்தை கல்யாணத்தோடு போயிருக்கும் என்று என் அம்மா நம்பினார். அது எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது என்று அத்தை நம்பினார். ரெண்டு பேரும் நேரில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மா சாகிறவரை அந்த ஒட்டியாணம் அவர்கள் நடுவில் கிடந்தது. அடுத்தவர் காட்டில் களை எடுக்கப் போன அழகம்மாளுக்கு ஒட்டியாணம் ஏது என்று எங்களில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. நகை போட்ட ஆத்தாவை யார் வேண்டாம் என்பார்கள்?

சரி, நூலகத்துக்கு வருவோம்.

நாடக விளம்பரங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், யார் பபூன், ஆர்மோனியம் யார்... எல்லாம் போட்டிருப்பார்கள். ஸ்திரீபார்ட் என்றால் கதாநாயகி வேஷம். அந்த நாளில் அதையும் பல நாடகங்களில் ஆண்களே கட்டினார்கள். நான் ராஜபார்ட் வரியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். செல்லையா இல்லை. அடுத்த பக்கம், இல்லை. அடுத்த மாதம், இல்லை. நம் தாத்தா ராஜபார்ட்டே இல்லையோ, சும்மா ஈட்டி பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற சேவகனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. செந்திலிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

அப்போதுதான் கழுத்தைக் கோணிக்கொண்டு பார்த்த ஒரு பக்கத்தில், அந்தப் படம்.

அதே வட்ட மேஜை. அதே பூ ஜாடி. அதே சாய்ந்த தலை, அதே ஒட்டியாணம். அச்சு மங்கியிருந்தது, ஆனால் சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வந்த படம் எனக்குத் தெரியாதா? ஆத்தா படம் பேப்பரில் எப்படி வந்தது? பத்திரிகைக்காரர்கள் அப்போதே படத்தை மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார்களா?

கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது — ஸ்திரீபார்ட் செல்லையா.

என்னை அறியாமல் “அய்யய்யோ” என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த நூலகர் அம்மா, “என்னங்க, தண்ணி வேணுமா?” என்று கேட்டார். வேண்டும் என்று வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இப்போது தாத்தா தெரிந்தார். எங்களுக்குத் தெரிந்த தாத்தா வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாக இருப்பவர். வேஷத்தை விட்ட பிறகுதான் அந்த மீசையை வளர்த்திருக்க வேண்டும். மீசையை எடுத்து, கூந்தலை வைத்து, இருபது இருபத்தைந்து வயதுக்குத் தள்ளிப் பார்த்தால்... அவரேதான்!

அப்புறம் ஸ்திரீபார்ட் வரியைப் பிடித்துக்கொண்டு போனேன். அடேயப்பா! தாத்தா எங்கெங்கோ இருந்தார். நார்த்தாமலைத் திருவிழாவில், கட்டுமாவடியில், அறந்தாங்கிப் பக்கம், காரைக்குடிப் பக்கம். முதலில் பொடி எழுத்தில் இருந்த பேர், போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ராஜபார்ட் பேருக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. தாத்தா ராஜா இல்லை என்று எனக்குத் துளி வருத்தம் இல்லை. தாத்தா என்றால் ராஜாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்கு ஏன்தான் இப்படி ஓர் ஆசை? வேஷத்தில்கூட ராணியாக இருந்துவிடக் கூடாதா?

பிறகு திடீரென்று பேர் நின்றுவிட்டது. சிறுசாகிச் சிறுசாகி மறையவில்லை. உச்சத்தில் இருந்தபோதே அப்படியே காணாமல் போனது.

ஏன் என்பது இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிடைத்தது. உள்ளூர்ச் செய்தி எழுதுகிற ஒருவர், கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு திருவிழாவைப் பற்றி எழுதியிருந்தார். ஸ்திரீபார்ட் செல்லையா வருவார் என்று காத்திருந்த ஜனங்கள் ஏமாந்து சத்தம் போட்டார்களாம். விழாக்காரர்கள் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். தாயில்லாக் கைக்குழந்தையை ராத்திரியில் விட்டுவிட்டு வர மாட்டேன், இனிமேல் எந்த மேடைக்கும் வருவதாக இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். கூடப் போயிருந்த அந்தச் செய்தியாளர் ஒன்றைச் சேர்த்து எழுதியிருந்தார். அவர்கள் திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து தாலாட்டுச் சத்தம் கேட்டதாம். அந்தக் குரல் கொஞ்சமும் குறையவில்லை, அதை இழந்தது மேடைதான் என்று வருத்தப்பட்டு முடித்திருந்தார்.

நான் அந்த நூலகத்திலேயே அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

வெளியே வந்து, போனில் எடுத்திருந்த அந்தப் படம், செய்தி ரெண்டையும் செந்திலுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீலக்கோடு காட்டியது. வெகுநேரம் கழித்துப் போன் வந்தது.

“மதினி, இது அம்மாவோட ஆத்தா படம்ல? கீழ ஏன் தாத்தா பேரு போட்டிருக்கு?”

சொன்னேன்.

“அம்மாகிட்ட சொல்லிராதீங்க மதினி. காலைல எந்திரிச்சதும் அந்த மூஞ்சியிலதான் அது முழிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனாக்கூட அதுகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் போகும். நான் வேற அந்தப் படத்தைப் பெருசாக் கலர் பண்ணி, எம்பதுக்குக் குடுக்கலாம்னு புதுக்கோட்டையில ஸ்டுடியோவுல சொல்லி வச்சிருக்கேன். இப்பப் போயி அது ஆத்தா இல்லேன்னு சொன்னா... செத்துப்போயிரும் மதினி.”

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் என் மனசு கேட்கவில்லை. குரலை முழுங்கியவள் என்று இத்தனை வருஷம் பேச்சு வாங்கிய அத்தைக்கு, நீ முழுங்கவில்லை, உன்னை விட்டுப் பிரிய மனசில்லாமல் உன் அப்பா தானே விட்டுவிட்டு வந்தார் என்று சொல்லாமல் இருப்பதா? அதைச் சொல்வது என்றால் ஸ்திரீபார்ட் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், படம் இருக்கிறதா என்று அத்தை கேட்பார். கட்டாயம் கேட்பார், எனக்குத் தெரியும். பழியைத் துடைக்கப் போனால் ஆத்தாவின் முகமும் சேர்ந்து போய்விடும். எதைக் கொடுத்து எதை எடுப்பது?

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். வழக்கமாகப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காதவர், தூக்கினார்.

“அது யாரு அப்பா? யாரு ஆத்தா? உங்க அத்தையோடதுதானே? நீயும் செந்திலும் உக்காந்து முடிவு பண்ண நீங்க யாரு?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். நல்ல வார்த்தை எப்போதாவதுதான் சொல்வார், அதனால் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே அத்தை இருக்கும் கீரனூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். வருவது வரட்டும் என்று செந்திலுக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன். “உங்க இஷ்டம் மதினி” என்றான். குரலே சரியில்லை.

அத்தை டி.வி. முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டி.வி.க்கு மேலே சுவரில் ஆத்தா படம். சுற்றிலும் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது.

“வாத்தா, வா! இங்கிட்டு ஃபேனுக்கு நேரா உக்காரு. ஒரு போன் பண்ணியிருந்தா கோழி அடிச்சிருப்பேன்ல? என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு? மாப்ளைகூடச் சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல அத்தை. தாத்தாவைப் பத்திப் பேப்பர்ல வந்தது கெடைச்சிருக்கு. படிச்சுக் காட்டலாம்னு வந்தேன்.”

கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் இருந்ததை மெதுவாகப் படித்தேன். ஜனங்கள் சத்தம் போட்டது, வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டது, அவர் கும்பிட்டது, தாலாட்டு. அத்தை அசையாமல் கேட்டார்.

“இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“அப்ப... கொரலு போகலையா?”

“போகல அத்தை. அவராத்தான் விட்டிருக்காரு. உங்களை ராத்திரி தனியா விட மனசு வரல அவருக்கு.”

“அப்ப நான் முழுங்கல” என்றார் அத்தை.

அப்படிச் சொன்னபோது எண்பது வயசு தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எடுக்காத பென்சிலை எடுத்தாள் என்று அடி வாங்கின பிள்ளை மாதிரி இருந்தது முகம். என்னைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். “நான் முழுங்கலத்தா.” கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். எங்கப்பா தாலாட்டுனா பக்கத்து வீட்டுக்காரி வந்து, எந்தப் பொம்பளை பாடுறான்னு எட்டிப் பாப்பா. அந்தக் கொரலைப் போயி, போச்சு போச்சுன்னா... நான் சின்னப்புள்ள, யாருகிட்ட போயிச் சொல்லுவேன்?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தை நிறுத்தவில்லை.

“ஏத்தா, என்னமோ ஸ்திரீபார்ட்டுன்னு படிச்சியே? ராஜபார்ட்டு இல்லையா?”

“இல்ல அத்தை. பொம்பளை வேஷம்தான் கட்டியிருக்காரு.”

“அட! எப்படி இருந்திருப்பாரு? போட்டோ கீட்டோ போட்டிருக்கானா பேப்பர்ல?”

நான் போனை நீட்டினேன். வேறு என்ன செய்ய?

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். மறுபடியும் போனை. டி.வி.யில் யாரோ யாரையோ வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எட்டி ரிமோட்டை எடுத்து அதை அணைத்தார்.

“அப்ப எங்க ஆத்தாளுக்கு மூஞ்சியே இல்லையா?” என்றார்.

வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. செந்தில் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அத்தை அழக்கூட இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போனேன். பாலை வைத்தார், டிகாக்‌ஷனை ஊற்றினார், சர்க்கரை போட்டு ஆற்றினார். எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒரு டம்ளர். குடித்து முடித்ததும் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் படத்தைக் கழட்டிக் குடு” என்றார்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, பல்பு மாலையை எடுத்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் அப்பியிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“காதைப் பாருத்தா. மேல மடிஞ்சிருக்குல்ல? எங்கப்பா காது. எனக்குத் தலை பின்னி விட்டுட்டு, எதுக்க ஒக்கார வச்சு வகிடு சரியான்னு பாப்பாரு. நான் அந்தக் காதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எத்தனை வருசமா இதைக் கும்புடுறேன், இந்தக் காது என் கண்ணுல படலியே...”

சிரிப்பு வந்துவிட்டது அத்தைக்கு. அழுகையும் கூடவே வந்தது.

“நான் பெரியமனுசி ஆனப்ப சேலை கட்டிவிட ஆளு இல்ல. சொந்தக்காரி ஒருத்தி வந்து மூட்டை கட்டுற மாதிரி சுத்தி விட்டுட்டுப் போயிட்டா. அப்பா பாத்தாரு. ஒரு சேலையை எடுத்து, தன் வேட்டி மேல கட்டி, கொசுவம் இப்படி மடிக்கணும், முந்தி இம்புட்டு விடணும்னு காமிச்சாரு. என்னா அழகா கட்டுனாரு தெரியுமா! ஜவுளிக்கடை ஆளாச்சே, பழக்கம்னு நெனச்சுக்கிட்டேன். கூறுகெட்டவ.”

கொஞ்ச நேரம் அப்படியே தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

“ஏத்தா... அப்ப ஒட்டியாணம்?”

“நாடக நகை அத்தை. வாடகையா இருக்கும்.”

“அடப் பாவிகளா! அதுக்காடி ஒங்க அம்மா மூஞ்சியை நான் நேராப் பாக்காம இருந்தேன்? நல்லவடி அவ. எனக்குப் பிரசவத்துக்கு வந்து கூடவே கெடந்தா. மன்னிச்சிருவாளா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் அழுதார். இந்த முறை என் அம்மாவுக்காக. நானும் என் அம்மாவுக்காக அழுதேன். ரெண்டு பேருமாக முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து செந்தில் போன். துபாயில் தவித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா... மதினி சொன்னுச்சா? நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காத. அந்தப் பெரிய படத்தை வேணாம்னு ஸ்டுடியோவுல சொல்லிடுறேன். வேற ஏதாவது வாங்கிக்கலாம்.”

“எதுக்குடா வேணாங்கிற?”

“அது... ஆத்தா இல்லையேம்மா.”

“யாருடா சொன்னது?” அத்தை குரல் உயர்ந்தது. “குளுப்பாட்டுனது யாரு? தலை பின்னுனது யாரு? தாலாட்டு பாடுனது யாரு? பெத்தவளுக்கு மூஞ்சி இல்லேன்னா என்ன, அவளுக்கு ஒரு வெளக்கு ஏத்தி வச்சுக் கும்புட்டுக்கறேன். அவ குடுத்து வச்சது அம்புட்டுத்தான், பாவம். இது என்னை வளத்த மூஞ்சிடா. படம் வரட்டும்.”

செந்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சரிம்மா. கீழ ‘தாயார் அழகம்மாள்’னு பேரு போடச் சொல்லியிருந்தேன். அதை மட்டும் மாத்தச் சொல்றேன்.”

அத்தை மடியில் இருந்த படத்தைப் பார்த்தார். யோசித்தது மாதிரியே தெரியவில்லை.

“பேரை மாத்து. செல்லையான்னு போடு. முன்னால ‘தாயார்’னு இருக்குல்ல, அதுல கை வைக்காத.”

நேற்று ஸ்டுடியோவிலிருந்து எனக்குப் போன். “மேடம், எழுத்து தப்பா வந்திருக்குங்க. அம்மா படத்துக்குக் கீழ ஆம்பளை பேரு இருக்கு. சரி பண்ணிரலாமா?”

“சரியாத்தாங்க இருக்கு” என்றேன். “பிரேம் போட்ருங்க.”